பாலத்துக்கு அப்பால் ஒரு பட்டணம்

யாழ்ப்பாணத்தை விட்டு மட்டக்களப்புக்குக் குடிபெயரப் போகின்றோம் என்றதும் உற்றார் உறவினர் யாவரும் ஒரே எச்சரிக்கையையே கூறினர். "கவனம்! அங்கே பாயோடு ஒட்டவைத்துவிடுவார்கள்" என்பதே அது. மந்திர தந்திரங்களில் நமக்கு நம்பிக்கை இல்லை. ஆயினும், சிறுவயது முதற் கேட்ட பேச்சு நெஞ்சின் ஒரு மூலையில் ஐயமாய்த் தங்கியிருந்ததை மறைப்பதற்கில்லை. கல்லடியிற் குடியேறிய முதல் வாரத்தில், அயல்வீட்டார் அன்போடு தந்த தேநீரையும் தயங்கியே பருகினோம்.

ஒரு சனிக்கிழமை காலை, பட்டணத்தைப் பார்த்து வரலாமென்று கல்முனையிலிருந்து வந்த பஸ் வண்டியில் ஏறினோம். மருதமுனைக் கைத்தறிச் சாரப் பொதிகளுக்கும் மரக்கறிக் கூடைகளுக்கும் நடுவே நிற்பதற்கு மட்டுமே இடம் கிடைத்தது. கொண்டக்டர் "எங்க இறங்கணும்?" என்று கேட்டார். "பட்டணம்" என்றோம். பட்டணத்தில் எவ்விடம் என்பது நமக்கே தெரியாது!

வண்டி கல்லடிப் பாலத்தில் ஏறியதும் வாவி இருபுறமும் விரிந்தது. அருகிலேயே 1924ஆம் ஆண்டிற் கட்டப்பட்ட பழைய இரும்புப் பாலம் நிற்கின்றது. தேசாதிபதி மனிங் அவர்களின் மனைவியார் பெயரைத் தாங்கிய பாலம் அது. ஒரு திசை வண்டிகள் கடக்கும்வரை மறுதிசை வண்டிகள் காத்து நிற்கவேண்டிய ஒடுங்கிய பாதை. 2013இற் புதிய பாலம் திறக்கப்பட்டதோடு அக்காத்திருப்பு ஒழிந்தது. மீன்பாடும் தேனாடு என்ற புகழுக்குக் காரணமான ஓசையைப் பூரணை இரவுகளிற் கேட்பதும் இப்பாலத்தடியிலேதான்.

பட்டணத்தின் பழைய பகுதி புளியந்தீவு. பெயருக்கேற்ப அது உண்மையிலேயே ஒரு தீவு. அதனை எண்ணிப் பாராத நாம் எத்தெருவிற் சென்றாலும் ஈற்றில் நீர்க்கரையிலேயே வந்து நின்றோம். போர்த்துக்கேயர் 1628இற் கட்டி, ஒல்லாந்தர் 1638இற் கைப்பற்றிய கோட்டையைக் கண்டோம். 1814இல் தொடங்கிய மெதடிஸ்த மத்திய கல்லூரியையும், 1873இல் தொடங்கிய புனித மிக்கேல் கல்லூரியையும் வீதியில் நின்றே பார்த்தோம். நூல்களிற் படித்த நூற்றாண்டுகள் யாவும் இங்கே கால்நடைத் தூரத்திலேயே அடங்கிவிடுகின்றன. வழியில் எருமைத் தயிர் ஒரு சட்டி வாங்கிக்கொண்டு பஸ் நிலையத்துக்குத் திரும்பினோம்.

வெயிலும் களைப்பும் மேலிட, புறப்பட நின்ற வண்டியின் பலகையைப் பாராது ஏறிவிட்டோம். சிறிது தூரம் சென்றும் பாலத்தைக் காணாமையால், அருகிலிருந்த முதியவரிடம் கல்லடி எப்போது வருமென்று வினவினோம்.

"தம்பி, இது ஏறாவூருக்குப் போற பஸ். ஊருக்குப் புதிசா?"

தலையசைத்தோம். தலையில் தொப்பியும் கையிற் குடையுமாய் இருந்த அப்பெரியவர் வண்டியை நிறுத்தச் சொல்லி, நம்மோடு தாமும் இறங்கினார். வேண்டாமென்று தடுத்தும் கேட்டிலர். "எனக்கு அடுத்த பஸ் வரும்" என்றார். நம்மை வீதியின் மறுபக்கம் அழைத்துச் சென்று, தயிர்ச்சட்டியைத் தாம் வாங்கி, குடை நிழலில் ஏந்திக்கொண்டு நின்றார். நமது பெயரையோ ஊரையோ அவர் கேட்கவில்லை. கல்முனை வண்டி வந்ததும் கொண்டக்டரிடம், "இவர் நம்மட ஆள். கல்லடியில கவனமா இறக்கி விடுங்க" என்றார்.

வண்டி பாலத்தைக் கடந்தபோது, நாம் தயங்கித் தயங்கிப் பருகிய அந்தத் தேநீர் நினைவுக்கு வந்தது. நாணமாயிருந்தது.

அன்று மாலை அத்தயிரிற் பாதியை அயல்வீட்டுக்குக் கொண்டுசென்றோம். அவர்கள் முற்றத்திற் பாய் விரித்து இருக்கச் சொன்னார்கள். இருந்தோம். எழுந்து வரும்போது நன்றாக இருட்டிவிட்டது.