டார்ட்ஃபோர்டு: இரண்டாம் நம்பர் பிளாட்பாரத்தில் ஒரு 18 வருடக் காத்திருப்பு!

ரயிலுக்காக பிளாட்பாரத்தில் காத்திருப்பவர்களைப் பார்த்திருப்பீர்கள். பாட்டுக்காகக் காத்திருப்பவரைப் பார்த்ததுண்டா? நான் பார்த்தேன். இங்கிலாந்தில், லண்டனை ஒட்டிய டார்ட்ஃபோர்டு ரயில் நிலையத்தின் இரண்டாம் நம்பர் பிளாட்பாரத்தில். அவர் வேறு யாருமல்ல, என் அக்காவின் கணவர்.

மாமாவுக்கு 66 வயது. கல்லூரி ஹாஸ்டலில் யாரோ கொடுத்த ஒரு கேசட்டில் பிடித்த பைத்தியம், இன்னும் தெளியவில்லை. பைத்தியத்தின் பெயர், ரோலிங் ஸ்டோன்ஸ். வேலை கிடைத்து இங்கிலாந்து வந்தவர், வீடு பார்த்ததும் இந்த ஊரில்தான். "வாடகை குறைச்சல்னு என்கிட்ட சொன்னார்டா. உண்மையான காரணம் ரெண்டு வருஷம் கழிச்சுத்தான் தெரிஞ்சுது" என்கிறாள் அக்கா.

2023 அக்டோபர் மாதம் முதல் வாரம் நான் போய் இறங்கியபோது மாமா நாள்களை எண்ணிக்கொண்டிருந்தார். அந்த மாதம் 20-ம் தேதி ரோலிங் ஸ்டோன்ஸின் புது ஆல்பம் வெளியாகவிருந்தது. பெயர் 'ஹாக்னி டயமண்ட்ஸ்'. அதற்கு முன் சொந்தப் பாடல்களோடு அவர்கள் கடைசியாக ஆல்பம் போட்டது 2005 செப்டம்பரில். அன்று பிறந்த குழந்தை இன்று ஓட்டுப் போடலாம்!

எல்லாம் தொடங்கிய இடம்

லண்டனின் சேரிங் கிராஸிலிருந்தோ, லண்டன் பிரிட்ஜிலிருந்தோ நேரடி ரயில் பிடித்தால் ஒரு மணி நேரத்துக்குள் டார்ட்ஃபோர்டு. சுற்றுலாப் புத்தகங்கள் கண்டுகொள்ளாத சாதாரண ஊர். மறுநாள் காலையில் முதல் வேலையாக மாமா என்னை ஸ்டேஷனுக்குத்தான் அழைத்துப் போனார்.

"இங்கதான் மாப்ள" என்று சுவரில் இருந்த ஒரு வட்டப் பலகையைக் காட்டினார்.

1961 அக்டோபர் 17. லண்டன் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸில் படிக்கும் மிக் ஜாகர், ரயிலுக்கு நிற்கிறார். ஓவியக் கல்லூரிக்குப் போகும் கீத் ரிச்சர்ட்ஸும் அங்கே வருகிறார். ஆரம்பப் பள்ளியில் ஒன்றாகப் படித்துப் பிரிந்தவர்கள். பழைய சிநேகிதன் என்பதைவிட, மிக்கின் கக்கத்தில் இருந்த இசைத்தட்டுகள்தான் கீத்தை இழுத்தன. ஒன்று சக் பெர்ரி, இன்னொன்று மடி வாட்டர்ஸ். அமெரிக்கக் கறுப்பின இசைக் கலைஞர்களின் அந்தத் தட்டுகள் அப்போது இங்கே லேசில் கிடைக்காதவை. பேச்சு வளர்ந்தது, நட்பு திரும்பியது. அடுத்த ஆண்டு ஜூலையில் லண்டன் மார்க்கீ கிளப்பில் முதல் கச்சேரி.

இந்தப் பலகைக்கும் ஒரு தகராறு உண்டு. 'இந்த இருவரும் சந்தித்து இசைக்குழுவை உருவாக்கினார்கள்' என்ற பொருளில் முதலில் எழுதியிருந்தார்களாம். குழுவின் பழைய பாஸ் கிடார் கலைஞர் பில் வைமன், 2015-ல் அதை எதிர்த்தார். 'குழுவை உருவாக்கியவர் பிரையன் ஜோன்ஸ்தான்' என்பது அவர் வாதம். நியாயமான வாதமும்கூட. வாசகத்தை மாற்றுவதாக நகராட்சியும் ஒப்புக்கொண்டது. 1969-ல் 27 வயதில் இறந்துபோன பிரையனுக்காக ஒருவராவது கேட்டாரே என்று மாமாவுக்குச் சந்தோஷம்.

ஸ்டேஷனிலிருந்து ஹை ஸ்ட்ரீட் பக்கம் நடந்தால், மிக், கீத் இருவருக்கும் வெண்கலச் சிலைகள். 2023 ஆகஸ்ட்டில்தான் திறந்தார்கள். கையில் மைக்கோடு மிக், கிடாரோடு கீத். காய்கறிப் பையோடு போன ஒரு பாட்டி, மிக்கின் காலைத் தட்டிவிட்டுப் போனார். ஊரின் புதிய குடியிருப்புப் பகுதியில் தெருக்களுக்கே இவர்கள் பாட்டுகளை நினைவூட்டும் பெயர்கள். 'ரூபி டியூஸ்டே டிரைவ்' என்று ஒரு தெரு. 'சிம்பதி வேல்' என்று இன்னொன்று. மிக் படித்த பள்ளியில் அவர் பெயரிலேயே ஒரு கலை மையமும் உண்டு.

உடைந்த கண்ணாடி வைரம்

அடுத்த நாள் ஹாக்னிக்குப் போனோம். கிழக்கு லண்டனில் உள்ள பகுதி. ஒரு காலத்தில் திருட்டுக்கும் அடிதடிக்கும் பேர்போனது. கார் கண்ணாடியையோ கடைக் கண்ணாடியையோ உடைத்துத் திருடிவிட்டுப் போனபின், நடைபாதையில் மின்னிக் கிடக்கும் சில்லுகளுக்குத்தான் 'ஹாக்னி வைரம்' என்று கேலிப் பெயர். "வைரம்னு இவர் சொன்னதும் எனக்குத்தான் ஏதோ வாங்கப் போறார்னு நினைச்சேன்" என்று அக்கா வழியெல்லாம் கிண்டலடித்தபடி வந்தாள்.

ஆல்பம் வரப்போகும் செய்தி கசிந்த விதமும் வேடிக்கை. ஆகஸ்ட் மாதம் 'ஹாக்னி கெசட்' என்ற உள்ளூர்ப் பத்திரிகையில், கண்ணாடி பழுதுபார்க்கும் கடை விளம்பரம் ஒன்று வந்தது. நிறுவப்பட்ட ஆண்டு 1962 என்று போட்டிருந்தார்கள். விளம்பர வாசகத்துக்குள் 'சாட்டிஸ்ஃபேக்‌ஷன்', 'கிம்மி ஷெல்டர்', 'ஷேட்டர்டு' என்று பழைய பாட்டுத் தலைப்புகள் ஒளிந்திருந்தன. ரசிகர்கள் கண்டுபிடித்துவிட்டார்கள். மாமா அந்த விளம்பரத்தின் பிரின்ட் அவுட்டை ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டி வைத்திருக்கிறார்.

மேர் ஸ்ட்ரீட்டில் இருக்கிறது ஹாக்னி எம்பயர் தியேட்டர். 1901-ல் கட்டியது. சார்லி சாப்ளின் மேடையேறிய இடம். நடுவில் டி.வி. ஸ்டூடியோவாக, பிங்கோ ஆட்டக் கூடமாகவெல்லாம் இருந்து, 1986-ல் மறுபடியும் நாடக அரங்காகத் திரும்பியது. இங்கேதான் செப்டம்பர் 6-ம் தேதி மிக், கீத், ரோனி வுட் மூவரும் உட்கார்ந்து ஆல்பத்தை அறிவித்தார்கள். அப்போது மிக்குக்கு 80, கீத்துக்கு 79, ரோனிக்கு 76. மூவர் வயதையும் கூட்டினால் 235. அன்றைக்கு மாமாவும் அக்காவும் தியேட்டருக்கு எதிர்ப்பக்கம் கூட்டத்தோடு நின்றிருக்கிறார்கள். "ஒரு தலை தெரிஞ்சுது. கீத்தான்னு இவர் சத்தியம் பண்றார். எனக்கென்னவோ செக்யூரிட்டி மாதிரிதான் இருந்தது" என்றாள் அக்கா.

ஏன் இத்தனை தாமதம்?

பதினெட்டு வருடமும் அவர்கள் சும்மா இருக்கவில்லை. ஊர் ஊராகக் கச்சேரி செய்தார்கள். 2016-ல் பழைய ப்ளூஸ் பாட்டுகளைப் பாடி ஓர் ஆல்பம் போட்டார்கள். புதுப் பாட்டுகளைத் தொடங்கினார்கள், முடிக்கவில்லை. 2019-ல் மிக்குக்கு இதய வால்வு சிகிச்சை. அப்புறம் கொரோனா. 2021 ஆகஸ்ட் 24 அன்று, 1963 முதல் டிரம்ஸ் வாசித்துவந்த சார்லி வாட்ஸ் 80 வயதில் காலமானார். கடைசியில் மிக் ஒரு கெடு வைத்துத்தான் வேலையை முடிக்கவைத்திருக்கிறார். தயாரிப்பாளர் ஆண்ட்ரூ வாட், இவர்களுக்குப் பேரன் வயது.

12 பாடல்கள். அவற்றில் இரண்டில், 2019-ல் பதிவுசெய்த சார்லியின் டிரம்ஸ் இருக்கிறது. ஒன்றில், குழுவை விட்டுப் போன பில் வைமனும் வந்து வாசித்திருக்கிறார்.

திரும்பும் ரயிலில் அக்கா தூங்கிவிட்டாள். மாமா மெதுவாகச் சொன்னார்: "போன வருஷம் பைபாஸ் பண்ணாங்கல்ல மாப்ள. முந்தின நாள் ராத்திரி தூக்கமே வரல. புள்ளைங்க, வீட்டுக் கடன்னு எல்லாம் யோசிச்சு முடிச்சப்புறம், அடுத்த ஆல்பம் கேக்காமப் போயிடுவோமோன்னு தோணுச்சு. வெட்கமா இருந்துச்சு. உங்க அக்காகிட்டகூடச் சொல்லல."

"இவ்வளவு காத்திருந்து, அது நல்லா இல்லைன்னா மாமா?"

கொஞ்ச நேரம் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். "வெளியிட்டிருக்கற ரெண்டு பாட்டு கேட்டேன். ஒண்ணு பரவாயில்ல. ஒண்ணு பிரமாதம். மீதி பத்தும் சுமாரா இருக்கட்டுமே. 80 வயசுல ஒருத்தன் 'இதுதான் என் புதுப் பாட்டு'ன்னு வந்து நிக்கிறான் பாரு, எனக்கு அது போதும்."

கண்ணை மூடியபடியே அக்கா சொன்னாள்: "எல்லாம் கேட்டுட்டுதான் இருக்கேன். முதல்ல மாத்திரையை ஒழுங்காப் போடுங்க. அதுக்கு அடுத்த ஆல்பமும் கேக்கலாம்."

டார்ட்ஃபோர்டில் இறங்கினோம். பலகை அருகே மாமா நின்று, புது ஆல்பத்தின் பாடல் பட்டியலை போனில் காட்டினார். கடைசிப் பாட்டு, 'ரோலிங் ஸ்டோன் ப்ளூஸ்'. மடி வாட்டர்ஸின் பழைய பாட்டு. குழுவுக்குப் பெயர் கொடுத்ததே அந்தப் பாட்டுதான். அன்றைக்கு இதே ஸ்டேஷனில் மிக்கின் கக்கத்தில் இருந்த மடி வாட்டர்ஸ் தட்டிலும் அது இருந்தது. கூடவே தூக்கித் திரிந்த பாட்டை, 62 வருடம் கழித்துத்தான் தங்கள் ஆல்பத்தில் சேர்த்தார்கள்.

நான் 15-ம் தேதியே ஊருக்குக் கிளம்பிவிட்டேன். 20-ம் தேதி வெள்ளிக்கிழமை. கடைக்கு முன்பணம் கட்டி இசைத்தட்டுக்குச் சொல்லி வைத்திருந்தார் மாமா. சார்லி வாசித்த பாட்டு ஓடும்போது எனக்கு போன் செய்வதாகச் சொல்லியிருந்தார். நம் ஊரில் அப்போது ராத்திரியாக இருக்கும். பரவாயில்லை, விழித்திருப்பேன் என்றேன்!