வெல்டிங்குக்கு ஒரு மேஜை

கல்வராயன் மலையில், வெள்ளிமலை அண்ணன் வீட்டு ஆட்டுப்பட்டிக்கு நானே இரும்புக் கதவு செய்து தருவதாகச் சொன்னதும் வீட்டில் ஒரே சிரிப்பு. சின்ன மெஷின் வாங்கியாயிற்று. தரையில் குந்தி உட்கார்ந்து வெல்டிங் வைத்தால் இடுப்பு என்னத்துக்காகும்? முதலில் மேஜைதான்.

கள்ளக்குறிச்சியில் பழைய இரும்புக் கடைக்குப் போனேன். எல்லாம் எடைக் கணக்கு. மூன்றடிக்கு இரண்டடி, 6 மில்லிமீட்டர் தகடு சுமார் 26 கிலோ வரும். அதைவிட மெல்லிசு வேண்டாம், சூட்டில் நெளியும். காலுக்கு ஆங்கிள் கேட்டால் கடைக்காரர், "ஜி.ஐ. பைப் எடுத்துக்கோங்கம்மா, துருவே புடிக்காது" என்றார். ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் அதன் மேல்பூச்சு துத்தநாகமாயிற்றே! வெல்டிங் சூட்டில் வெள்ளைப் புகையாகக் கிளம்பும். அதைச் சுவாசித்தால் சில மணி நேரம் கழித்துக் குளிர்ஜுரம், உடம்புவலி. நாமோ மழையில் நனைந்த ஜுரமென்று கஷாயம் போடுவோம். துருவேறிய ஆங்கிளையே வாங்கி, கம்பி பிரஷ்ஷால் தேய்த்தெடுத்தேன்.

உயரத்துக்கு நம் சமையல் மேடை அளவே போதும். மேலே பலகை, ஃபார்மைக்கா எதுவும் கூடாது; எர்த் கிளாம்ப்பைத் தகட்டில்தான் மாட்டவேண்டும்.

மேஜை கொல்லையில், காற்றாட நிற்கிறது. வேடிக்கை பார்க்கவரும் பிள்ளைகளை விரட்டிவிடுகிறேன். அந்த வெளிச்சம் பட்ட கண், ராத்திரி மணல் கொட்டினாற்போல் உறுத்தும். முகமூடி எனக்கு மட்டும்தானே இருக்கிறது? இன்னொன்று, நைலான் புடவையோடு பக்கத்தில் போகாதீர்கள். முழுக்கைப் பருத்திச் சட்டை, தோல் கையுறை அவசியம்.