இளைச்சுட்டீங்களே, என்னாச்சுங்க?



ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டபோது "இயந்திர மனிதனும் எதிர்காலமும்" என்று ஏதாவது எழுதிக் கொடுத்துத் தப்பித்து விடலாம் என்றுதான் இருந்தேன். ஆனால் மூன்று வருடம் ஒரே பெஞ்சில் உட்கார்ந்த உங்களைப் பிரிவதற்கு முன் ஒரு விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும் என்று மனசு அரித்துக்கொண்டே இருந்தது. இது என் வீட்டு விஷயம். அம்மாவிடம் கேட்டுத்தான் எழுதுகிறேன். "எழுது கண்ணு, பேரு மட்டும் போட்டுறாதே" என்றார்.

எனக்கு ஊர் சோமனூர். ஆறு தறி போட்டுக் கூலிக்கு காடா ஓட்டும் குடும்பம். அப்பா ஐந்தாம் வகுப்பு. அம்மா எட்டாவதோடு நின்று தார் சுற்றப் போனவர். எங்கள் வம்சத்தில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான்தான். அதனால் பேங்க் சலான் நிரப்புவதிலிருந்து மாத்திரை அட்டையில் தேதி பார்ப்பது வரை வீட்டுக்கும் வீதிக்கும் நான்தான் "படிச்ச பையன்". இந்தப் பட்டம்தான் பிறகு என்னை மாட்டி விட்டது!

அம்மாவின் எடை 108 கிலோ, உயரம் 152 செ.மீ. எடையை உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் பி.எம்.ஐ. நாற்பத்தாறுக்கு மேல் வரும். நீங்களே கால்குலேட்டரில் போட்டுப் பாருங்கள். சர்க்கரை, பிரஷர், முட்டி வலி எல்லாம் இருந்தது. ராத்திரி குறட்டை திடீரென்று நின்று போகும், கூடவே மூச்சும் நிற்கும். அப்பா பதறி எழுந்து உலுக்குவார். கோவையில் பார்த்த டாக்டர், இரைப்பையைச் சிறிதாக்கும் அறுவை சிகிச்சை செய்துகொள்ளலாம் என்றார்.

அது 2024ஆம் வருடம். அந்த ஏப்ரலில்தான் இதே மாதிரி எடைக் குறைப்பு அறுவை சிகிச்சைக்குப் போன புதுச்சேரி இளைஞர் ஒருவர் சென்னையை அடுத்த ஒரு தனியார் மருத்துவமனையில் இறந்து போன செய்தி டி.வி.யில் ஓடிக்கொண்டிருந்தது. பாட்டி அழுது தீர்த்தார். "தின்னு பெருத்ததுக்கு ஆப்பரேசனா? பணக்காரச் சீக்கு நமக்கெதுக்கு?" என்று ஒறம்பரை ஒருவர் கேட்டார். நான் படித்துப் பார்த்து வீட்டில் சொன்னேன். 2011இல் நிதின் கட்கரி செய்துகொண்டார். 2014இல் நிதி அமைச்சராக இருந்தபோதே அருண் ஜேட்லி செய்துகொண்டார். பி.எம்.ஐ. 40க்கு மேல் இருந்தால், அல்லது 35க்கு மேல் இருந்து கட்டுப்படாத சர்க்கரை, தூக்கத்தில் மூச்சு நிற்பது போன்ற தொல்லையும் இருந்தால் இது அழகுக்குச் செய்வதல்ல, சிகிச்சைதான். காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2019இல் வெளியிட்ட விதியே அப்படித்தான் சொன்னது. "அவங்கெல்லாம் மந்திரிங்க சாமி" என்றார் அம்மா. எங்களிடம் காப்பீடும் இல்லை.

கடைசியில் அப்பா ஒரு நாள் குடோனுக்குப் பழைய இரும்புக்காரரைக் கூட்டி வந்தார். ஆறு தறியில் இரண்டு எடைக்குப் போயின. பற்றாததற்கு அம்மாவின் நகை அடகுக்குப் போனது. ஜூலையில் ஆப்பரேஷன். சம்மதப் படிவத்தை அப்பாவுக்கு வாசித்துக் காட்டியவன் நான்தான். "உயிருக்கு ஆபத்து நேரலாம்" என்ற வரி வந்தபோது என் குரல் நின்று விட்டது. "மேல படி" என்றார் அப்பா.

சிறு துளைகள் போட்டு, இரைப்பையில் முக்கால் பங்குக்கு மேல் வெட்டி எடுத்துவிட்டு, வாழைப்பழம் அளவுக்கு ஒரு குழாயை மட்டும் விட்டு வைக்கிறார்கள். பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஹார்மோனும் இதனால் குறைகிறதாம். முதல் இரண்டு வாரம் நீர் ஆகாரம், பிறகு மசித்தது, பிறகுதான் சோறு. சாப்பிடும்போது தண்ணீர் குடிக்கக் கூடாது. பி-12, இரும்பு, கால்சியம் மாத்திரைகள் ஆயுசுக்கும் உண்டு. மூன்றாம் மாதம் முடி கொத்துக் கொத்தாகக் கொட்டியது. இதைச் "சுலபமான வழி" என்று சொல்பவர்கள் ஒரு வாரம் எங்கள் வீட்டில் வந்து இருந்து பார்க்கட்டும்!

பதினான்கு மாதத்தில் அம்மா 74 கிலோ. மூச்சு நிற்பதில்லை. சர்க்கரை மாத்திரை பாதியாகி விட்டது.

இனிமேல்தான் கதையே. இளைத்த பிறகுதான் ஊர் பேசத் தொடங்கியது!

நம் ஊரில் "இளைச்சுட்டீங்களே" என்பது பாராட்டா, துக்க விசாரிப்பா? இரண்டும்தான். பஸ் ஸ்டாண்டில் ஒருவர் "அடேங்கப்பா, பொண்ணு மாதிரி ஆயிட்டீங்க!" என்பார். அடுத்த வீதியில் இன்னொருவர் குரலைத் தாழ்த்தி "சர்க்கரை முத்திப் போச்சுங்களா?" என்பார். புற்றுநோய் என்று ஒரு வதந்தி. தறி வித்துச் சோத்துக்கே வழியில்லை என்று இன்னொன்று. ஒரு கல்யாணப் பந்தியில் அம்மா நாலு வாய் சாப்பிட்டு இலையை மடித்தபோது, "ஏனுங்க, எங்க சோறு எறங்கலீங்களா?" என்று பெண் வீட்டார் கோபித்துக் கொண்டார்கள். அம்மா கண் கலங்கி எழுந்து வந்தார்.

எல்லாவற்றையும் விட அம்மாவைக் குத்தியது ஒரு பாராட்டு. "இப்பத்தாங்க மனுஷி மாதிரி இருக்கீங்க!" சொன்னவர் சிரித்துக்கொண்டே நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். அன்று ராத்திரி தார் சுற்றிக்கொண்டே அம்மா என்னிடம் கேட்டார்: "அப்ப இத்தனை வருசம் நான் என்னவாடா இருந்தேன்?"

என்னிடம் பதில் இல்லை நண்பர்களே. உங்களிடம் இருக்கிறதா?

இந்தத் தொல்லையெல்லாம் வேண்டாம் என்று நான் ஒரு பொய்யைத் தயார் செய்தேன். யார் கேட்டாலும், "காலையில கொள்ளுத் தண்ணி, ராத்திரி சாப்பாடு கட், தினம் அஞ்சு கிலோமீட்டர் நடை, அவ்வளவுதானுங்க!" கேட்டவர்கள் வாயடைத்துப் போனார்கள். எனக்கும் பெருமைதான்.

எதிர்வீட்டு அத்தையும் கேட்டார். திருப்பூர் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. அம்மாவின் இருபது வருடத் தோழி. அவருக்கும் சர்க்கரை உண்டு, உடம்பும் கனம். அவரிடமும் அதே பாட்டைத்தான் பாடினேன். "படிச்ச புள்ள சொல்றே, சரியாத்தான் இருக்கும்" என்றார்.

மூன்றாவது வாரம் விடிகாலையில் கம்பெனி வேனுக்காக நின்ற இடத்திலேயே அத்தை விழுந்து விட்டார். சர்க்கரை மாத்திரையை வழக்கம்போலப் போட்டுக்கொண்டு, ராத்திரிச் சாப்பாட்டை மட்டும் நிறுத்தியிருக்கிறார். ரத்தத்தில் சர்க்கரை அடியோடு இறங்கி விட்டது. ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்றிய பிறகுதான் கண் திறந்தார். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால்... எழுதவே கை வரவில்லை.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அடிப்பார் என்று நினைத்தேன். அடிக்கவில்லை. "நானும் பக்கத்துல நின்னு கேட்டுட்டுச் சும்மாதானே இருந்தேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு, என்னையும் கூட்டிக்கொண்டு அத்தை வீட்டுக்குப் போனார். சேலை முந்தானையை விலக்கி வயிற்றுத் தழும்புகளைக் காட்டி, தறி விற்றது வரை ஒன்று விடாமல் சொன்னார்.

அத்தை சினிமாவில் வருவது போலக் கட்டிப் பிடித்து அழவில்லை. "என்ற கிட்டக்கூடச் சொல்லக் கூடாதா?" என்று கேட்டுவிட்டு இரண்டு வாரம் பேசவே இல்லை. மூன்றாவது வாரம் அவரே வந்து, "நீ பார்க்கற டாக்டர்கிட்ட என்னையும் ஒருக்காக் கூட்டிட்டுப் போ" என்றார். போனார்கள். அத்தைக்கு ஆப்பரேஷன் தேவையில்லை என்றார் டாக்டர். மருந்தை மாற்றி, சாப்பாட்டு முறையை எழுதிக் கொடுத்தார். இப்போது மாதம் ஒருமுறை இருவரும் ஒரே பஸ்ஸில் கோவை போய் வருகிறார்கள்.

அதன் பிறகு அம்மா தனக்கென்று ஒரு பழக்கம் வைத்துக்கொண்டார். பாராட்டினால், "சந்தோசமுங்க, நல்லா இருக்கேன்" என்பதோடு சரி. வம்புக்குக் கேட்டால், "டாக்டர் பார்க்கறாருங்க" என்று சொல்லிவிட்டு, "பையன் படிப்பு எப்படிங்க?" என்று பேச்சைத் திருப்பி விடுவார். ஆனால் தன் உடம்போடு போராடுகிற ஒருவர் தயங்கித் தயங்கிக் கேட்டால், திண்ணையில் உட்கார வைத்து எல்லாம் சொல்லுவார். செலவு, வலி, முடி கொட்டியது, மாத்திரை, பயம் எதையும் மறைப்பதில்லை. "ஊருக்கெல்லாம் வவுத்தத் தொறந்து காட்டோணும்னு இல்ல கண்ணு. ஆனா தேடி வர்றவங்களுக்குப் பொய்யை மருந்துன்னு குடுக்கக் கூடாது" என்பது எட்டாவது படித்த என் அம்மாவின் தீர்ப்பு.

விவாவில் தெரியாததற்குப் புளுகினால் நமக்கு மார்க் போகும், அவ்வளவுதான். ஆனால் நம்மில் பலபேர் வீட்டில் முதன்முதலாகப் படிக்க வந்தவர்கள். வீதியில் நாம் சொல்வதை ஜனங்கள் நம்புகிறார்கள். அந்த நம்பிக்கையில் நாம் புளுகினால் போவது அடுத்தவர் உயிர்.

இன்னொன்று. நம் வகுப்பில் ஒரு நண்பனை மூன்று வருடமாக "டேங்கர்" என்றே கூப்பிட்டோம். நானும்தான் கூப்பிட்டேன். நாளைக்கே அவன் இளைத்து வந்து நின்றால், "இப்பத்தான்டா ஆள் மாதிரி இருக்கே" என்று தட்டிக் கொடுப்போம். அதற்கு முன் அம்மா கேட்ட கேள்வியை நினைத்துப் பாருங்கள். ஒருவரைப் பார்த்ததும் உடம்பைப் பற்றித்தான் முதல் வார்த்தை பேச வேண்டுமா? "நல்லா இருக்கியாடா?" என்று கேட்டால் போதாதா? சொல்ல வேண்டியதை அவனே சொல்லுவான்.

நண்பா, உன்னிடம் இந்த மலர் வழியாக மன்னிப்புக் கேட்கிறேன். இனி உன் பெயரைச் சொல்லியே கூப்பிடுகிறேன்.

குடோனில் இரண்டு தறி நின்ற இடம் இன்னும் காலியாகத்தான் கிடக்கிறது. நகைக்கு வட்டி போய்க்கொண்டு இருக்கிறது. 2025 மார்ச்சில் கூலி உயர்வு கேட்டுத் தறிகளை நிறுத்தியபோது ரொம்பவே கஷ்டப்பட்டோம். ஆனாலும் ராத்திரி அப்பா திடுக்கிட்டு எழுவதில்லை. அந்தத் தூக்கத்துக்கு எத்தனை தறி ஈடாகும்?

வேலை கிடைத்து முதல் சம்பளம் வந்ததும் நகையை மீட்க வேண்டும். வாழ்த்துங்கள் நண்பர்களே!



— மூன்றாம் ஆண்டு மாணவன், துணிநூல் தொழில்நுட்பப் பிரிவு