நான்காவது குருவி

பரந்தனிலிருந்து முல்லைத்தீவு நோக்கிச் செல்லும் வீதியிலே சில கல் தொலைவு சென்றால் எங்கள் ஊராகிய முரசுமோட்டை வரும். இரணைமடுக் குளத்து நீரை நம்பி வாழும் வயலூர் அது. புரட்டாதி, ஐப்பசியிலே விதைத்த காலபோக நெல், தை பிறக்கும் வேளையில் கதிர் முற்றித் தலைசாய்ந்து நிற்கும். வயல் பொன்னிறங் கொள்ளும் அந்நாள்களிலேதான் வீடுகளும் புதுக்கோலம் பூணும். வீட்டை அலங்கரித்தல் என்றால் கடைக்குச் சென்று பொருள் வாங்கி வருதல் என்ற எண்ணம் இன்று எங்கும் பரவிவிட்டது. எங்களூரிலோ, அண்மைக்காலம் வரை, அலங்காரம் என்பது வளவுக்குள்ளே பிறந்து வளவுக்குள்ளேயே மறைந்துவிடும் ஒன்றாகவே இருந்தது. பசுவின் சாணமும், அரிசிமாவும், மாவிலையும், தென்னங்குருத்துமே அதற்கு வேண்டிய பொருள்கள். கார்த்திகை விளக்கீட்டுக்கு வாழைக்குற்றியும் சிரட்டையும் போதும். தைப்பூசத்திலே புதிர் எடுக்கும்போது முதற்கதிர்களே வீட்டுக்கு அணியாகிவிடும்.

பொங்கலுக்கு முதல்நாள் எங்கள் வீட்டில் வேலைகள் தாமாகவே பிரிந்துகொள்ளும். அப்பாச்சி முற்றத்தைக் கூட்டிச் சாணத்தால் மெழுகுவார். மறுநாள் வைகறையிலே, மெழுகிய நிலத்தில் உலக்கையைக் கிடத்தி, அதன் ஓரமாக அரிசிமாவை இழுத்து நேர்கோடுகள் இட்டுச் சதுரக் கோலம் அமைப்பார். கோலத்தின் நடுவிலே அடுப்புக் கற்கள். ஒருபுறத்தே நிறைகுடமும் குத்துவிளக்கும். நான்கு மூலைகளிலும் நான்கு தடிகள். அத்தடிகளை இணைத்துக் கட்டும் தோரணம் அப்பப்பாவின் பொறுப்பு. அதை அவர் எவரிடமும் ஒப்படைத்ததில்லை. நாங்கள் சிறுவர்கள் குருத்தோலையைத் தொட்டாலே, "கையை எடுங்கோ, கசங்கிப்போம்" என்று துரத்திவிடுவார்.

தோரணம் கட்டுவது பார்ப்பதற்கு எளிதாகத் தோன்றும். குருத்தோலையை ஈர்க்கோடு மடித்து, விளிம்பை அளவாகக் கிழித்து, கிழித்த நாக்கை மடிப்பினுள்ளே செருகி இழுத்தால் ஒரு முடிச்சு விழும். அம்முடிச்சைக் குருவி என்பார்கள். உற்றுப் பார்த்தால், ஓலையிலே வந்தமர்ந்த சிறு குருவி போலவே அது இருக்கும். மங்கல காரியங்களுக்குக் கட்டும் தோரணத்தில் குருவிகள் நான்கு. மரணவீட்டுக்குக் கட்டுவதில் மூன்று. வீதியிலே போகும் ஒருவர், உள்ளே நடப்பது திருமணமோ இழவோ என்பதை, எவரையும் வினவாமல் படலையில் தொங்கும் ஓலையைப் பார்த்தே அறிந்துகொள்வார். ஒரு வீடு தன் இன்பத்தையும் துன்பத்தையும் ஊருக்குச் சொல்லும் மொழி அது.

2009ஆம் ஆண்டுப் பொங்கல் எங்களுக்கு இந்த முற்றத்தில் வாய்க்கவில்லை. அவ்வாண்டு ஜனவரி 2ஆந் திகதி கிளிநொச்சி நகரம் இராணுவத்தின் வசமாயிற்று. அதற்கு முன்னரே நாங்கள் ஊரைவிட்டுக் கிழக்குநோக்கிப் புறப்பட்டிருந்தோம். பொங்கல் நாளன்று விசுவமடுப் பக்கத்தில் ஒரு தறப்பாளின் கீழே இருந்தோம். எனக்கு அப்போது ஆறு வயது. அப்பாச்சி கஞ்சிக்கு வைத்திருந்த அரிசியில் ஒரு பிடியைத்தானும் மாவாக்க விரும்பவில்லை. ஈர மண்ணைக் கையால் தட்டிச் சமப்படுத்தி, ஆட்காட்டி விரலால் அந்தச் சதுரத்தைக் கீறினார். வெள்ளைக் கோடு இருக்கவேண்டிய இடத்தில் ஒரு பள்ளம் மட்டுமே இருந்தது. அதற்குள் நாங்கள் கால் வைக்காமல் அன்று முழுவதும் சுற்றி நடந்தோம். ஷெல் ஓசையைவிட அந்தச் சதுரமே எனக்கு இன்று தெளிவாக நினைவிலிருக்கிறது.

அவ்வாண்டின் நடுப்பகுதியில் நாங்கள் செட்டிகுளத்து மனிக் பாம் முகாமிலே இருந்தோம். எங்கள் பகுதியின் பெயர் ஆனந்த குமாரசுவாமி நிவாரணக் கிராமம். கூடாரத்தின் உள்நிலத்தை அப்பாச்சி மண்ணைக் குழைத்து மெழுகினார்; சாணத்துக்கு அங்கே வழியில்லை. பால்மாப் பைகளின் வெள்ளித்தாளை வெட்டி நட்சத்திரங்கள் செய்து நாங்கள் கூடாரக் கயிற்றிலே தொங்கவிட்டோம். ஆனந்த குமாரசுவாமி என்பது ஓர் இடத்தின் பெயர் என்றே நான் நம்பியிருந்தேன். நெடுங்காலம் அவ்வாறே நம்பினேன்.

2010இலே ஊருக்குத் திரும்பியபோது வளவில் நின்ற தென்னைகள் பல வட்டிழந்து வெறும் தூண்களாக நின்றன. குருத்துக்கு எங்கே போவது? அப்பப்பா வடலியிலே பனங்குருத்து வெட்டி அதனாலே தோரணம் கட்டினார். முரட்டு ஓலை கையை அறுத்தது. ஆயினும் குருவிகள் நான்கும் அமர்ந்தன.

அக்காலத்திலே ஊரில் மரணவீடுகள் குறைவாக இருக்கவில்லை. காயமும் நோயும் மனத்துயரும் சுமந்து திரும்பியவர்கள் ஒவ்வொருவராக விடைபெற்றனர். இழவுக்கு முன்னறிவித்தல் கிடையாது; சில மணி நேரத்துள் பந்தலுக்கும் வீதிக்குமாக நூற்றுக்கணக்கில் தோரணம் வேண்டும். ஆகவே கையிற் கத்தி பிடிக்கக்கூடிய சிறுவர் எல்லோரும் சாக்கிலே வட்டமாக அமர்ந்து கட்டினோம். பொங்கல் தோரணத்தைத் தொடவும் விடாத பெரியவர்கள் இதற்குக் குறுக்கே நிற்கவில்லை. பன்னிரண்டு வயதுக்குள் நான் கண்ணை மூடிக்கொண்டும் தோரணம் கட்டக் கூடியவனானேன். "பொடியன்ரை கை நல்ல வேகம்" என்று பாராட்டும் பெற்றேன். எத்தகைய தோரணத்தில் எனக்கு அந்த வேகம் வந்தது என்பதை நான் எண்ணிப் பார்க்கவேயில்லை.

2018 டிசம்பரிலே இரணைமடுவின் வான்கதவுகள் திறக்கப்பட்டபோது வெள்ளம் வீட்டினுள்ளே புகுந்தது. பெட்டியிலிருந்த புடைவைகளும் பாடப்புத்தகங்களும் சேற்றோடு போயின. மூன்று வாரத்தில் பொங்கல். சேறு காய்ந்து வெடித்திருந்த முற்றத்தை அப்பாச்சி மெழுகினார்; அப்பப்பா குருத்து வெட்டினார். பெட்டியிற் பூட்டி வைத்தவையெல்லாம் அழிந்திருக்க, எங்குமே சேமித்து வைக்காத கோலமும் தோரணமும் குறைவின்றி அந்த முற்றத்துக்கு வந்து சேர்ந்தன.

மறு ஆண்டு அப்பப்பாவுக்கு வாதம் வந்து வலக்கை வழங்காமற் போயிற்று. வீட்டார் கிளிநொச்சிச் சந்தையிலே ஒரு பிளாஸ்ரிக் தோரணம் வாங்கி வாசலிலே கட்டினார்கள். 2017 செப்டெம்பர் 1ஆந் திகதியே, சமய, சமூக, பண்பாட்டு நிகழ்வுகளில் பொலித்தீன், பிளாஸ்ரிக் பொருள்களால் அலங்கரிப்பதைத் தடைசெய்யும் கட்டளை வர்த்தமானியில் வெளியாகியிருந்தது. சட்டம் ஒருபுறம் இருக்க, சந்தையிலே அப்பொருள் தாராளமாகக் கிடைத்தது. அதை வாங்கியவர்களை நான் குறைகூற மாட்டேன். குருத்து வெட்ட மரம் ஏறுவாரில்லை. கட்டுவதற்கு வீட்டிலே கையில்லை. அது மழையிலும் வெயிலிலும் வாடாமல் ஆண்டு முழுவதும் தொங்கியது. மறு பொங்கலுக்குத் தூசு தட்டினால் போதுமாயிருந்தது.

2021இலே அப்பாச்சி காலமானார். உறவினர் கூடினர், வழக்கம்போல நான் ஓலையோடு அமர்ந்து மளமளவென்று தோரணம் கட்டினேன். நடுப்பகலிலே, கட்டிலிற் கிடந்த அப்பப்பா இடக்கையை உயர்த்தி வாசலைச் சுட்டிக்காட்டினார். நாங்கள் ஒருவருக்கும் விளங்கவில்லை. பின்னர் பார்த்தால், பச்சையும் மஞ்சளுமாக அந்தப் பிளாஸ்ரிக் தோரணம் பிணத்துக்கு நேரே சிரித்துக்கொண்டு தொங்குகின்றது. அதை அறுத்தெறிந்தேன். வாடத் தெரியாத அந்தப் பொருளுக்கு, வீட்டிலே என்ன நடக்கிறது என்பதும் தெரியவில்லை.

பல்கலைக்கழகத்துக்கு வந்த முதலாண்டிலே பொங்கல் விழா நடந்தது. தோரணம் கட்ட யாருக்குத் தெரியும் என்று கேட்டபோது நான் பெருமிதத்தோடு முன்வந்தேன். நண்பர்கள் சூழ்ந்து நின்று வியக்க, ஒரு மணி நேரத்தில் மண்டப வாயிலை நிரப்பிவிட்டேன். எல்லோரும் படம் எடுத்தார்கள். மாலையிலே, தோட்டவேலை செய்யும் முதியவர் ஒருவர் என்னைத் தனியே அழைத்தார்.

"தம்பி, கோவிக்காதேங்கோ. இது செத்தவீட்டுக்குக் கட்டிறதல்லோ."

நான் எண்ணிப் பார்த்தேன். ஒன்று, இரண்டு, மூன்று. ஒவ்வோர் ஓலையிலும் மூன்று. நான்காவது குருவியைக் கட்ட எனக்குத் தெரியாது என்பதை என் இருபத்தோராவது வயதில் அன்றே அறிந்தேன். எனக்குத் தெரிந்த தோரணம் எல்லாம் சாவுக்குரிய தோரணம். என் கைக்கு அந்த ஆண்டுகள் கற்பித்தது அதை மட்டுமே. இருளானபின் அம்முதியவரும் நானுமாக அவற்றை அவிழ்த்துவிட்டு மாவிலையை மட்டும் கட்டினோம். காலையிலே எவரும் அந்த வேறுபாட்டைக் கேட்கவில்லை. அதுவே எனக்குக் கூடுதல் துயரம் தந்தது.

சில மாதங்களின் பின் ஒரு நுண்கலை விரிவுரையிலே ஆனந்த குமாரசுவாமியின் பெயர் கேட்டுத் திடுக்கிட்டேன். 1877இலே கொழும்பிற் பிறந்த தமிழர். புவியியற் பொருள்களை ஆராயும் பணியில் ஈழத்தின் ஊர்களைச் சுற்றியவேளை, அழிந்துகொண்டிருந்த கைவினைகளைக் கண்டு மனம் பதைத்தவர். 1908இலே வெளிவந்த மத்தியகாலச் சிங்களக் கலை என்னும் அவரது பெருநூலை, இங்கிலாந்திலே வில்லியம் மொரிசின் கெல்ம்ஸ்கொட் அச்சகத்துக்கு உரியதாயிருந்த அச்சுப்பொறியிற் கையாலேயே அச்சிடுவித்தார். 425 பிரதிகளே அச்சாயின. பாய் இழைப்பவரும் பானை வனைபவரும் செய்வதும் கலையே. அது வாழ்க்கைத் தேவையினின்றும் சடங்கினின்றும் பிரிந்தால் உயிர்விடும் என்பது அவரது வாழ்நாட் கொள்கை. அவர் பெயர் தாங்கிய முகாமிலேதான் அப்பாச்சி மண்ணைக் குழைத்து மெழுகினார். அவரது நூலை அப்பாச்சி அறியார். ஆனால், அவர் நூலிலே காக்க முயன்றதை அப்பாச்சி கூடார நிலத்திலே செய்துகொண்டிருந்தார் என்று எனக்குத் தோன்றியது.

கைவினைகளைக் காத்தல் பற்றி நம்மிடையே பேசப்படும்போது கண்காட்சியையும் நூதனசாலையையும் எண்ணுகிறோம். பனையோலைப் பெட்டியையோ கடகத்தையோ அவ்வாறு வைத்துக் காக்கலாம். ஆனால் கோலமும் தோரணமும் ஒரு நாளுக்குரியவை. கோலத்தை எறும்பு தின்னும். குருத்து மூன்றாம் நாள் சுருளும். அவற்றை வைத்துக் காக்க இயலாது. மீண்டும் மீண்டும் செய்தே காக்கவேண்டும். அதனாலேதான் இடப்பெயர்வும் வெள்ளமும் அவற்றை எம்மிடமிருந்து பறிக்க முடியாமற் போயின. அதனாலேயே, ஒரு தலைமுறையின் கைகள் கற்காமல் விட்டால், ஓசையின்றி அவை போய்விடவும் கூடும். போர் எங்கள் தோரணத்தை அழிக்கவில்லை. மூன்றைக் கற்பித்து நான்கை மறக்கச் செய்தது.

அடுத்த பொங்கலுக்கு ஊர் சென்றபோது, அயல் வளவுத் தென்னையிலே குருத்து வெட்டிக்கொண்டு அப்பப்பாவின் கட்டிலருகே அமர்ந்தேன். மீளக் குடியேறியபின் நட்ட பிள்ளைகள் இப்போது மரமாகிக் குருத்துத் தந்தன. நான்காவதைக் காட்டித் தரும்படி கேட்டேன். அவர் நெடுநேரம் என் முகத்தைப் பார்த்தார்.

"உனக்கு நான் சொல்லித் தரேல்லையோ?"

"இல்லை அப்பப்பா. தொட விடேல்லை."

அவர் ஒன்றும் கூறவில்லை. பின்னர் இடக்கையால் ஓலையைப் பற்றி, எங்கே கிழிப்பது, எவ்வளவு இடைவெளி விடுவது என்று சொன்னார். வாதத்திற் குழறிய சொற்கள் சில எனக்கு விளங்கவில்லை. திரும்பத் திரும்பச் சொன்னார். மூன்று முடிச்சு விழுந்ததும் என் விரல்கள் பழக்கத்தால் தாமே நின்றுவிட்டன. நான்காவதுக்கு ஓலை போதவில்லை. தொடக்கத்திலேயே அதற்கென இடம் விட்டிருக்கவேண்டும். ஏழு ஓலை பாழாயிற்று. எட்டாவதிலே அந்தக் குருவி கோணலாக வந்து அமர்ந்தது.

மறுநாள் வைகறையில் அம்மா உலக்கை வைத்துக் கோலமிட்டார். நான்கு தடிகளுக்கும் நான் கட்டிய தோரணமே தொங்கியது. பால் பொங்கும் வேளையில் அப்பப்பாவைக் கதிரையோடு தூக்கி முற்றத்திலே இருத்தினோம். அவர் பானையைப் பார்க்கவில்லை, தோரணத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். உதடுகள் அசைந்தன. எண்ணுகிறார் என்று அறிந்து நான் காத்து நின்றேன்.

"நாலு," என்றார். "சரி."