கரைக்கு வந்தவரின் மதம் கேட்காத சட்டம்



2024 டிசம்பரில் நூற்றுக்கும் மேற்பட்ட ரோஹிங்யாக்களோடு ஒரு படகு முல்லைத்தீவுக் கரைக்கு வந்தது. திருகோணமலைக்குக் கொண்டுவரப்பட்டவர்களுக்கு நமது மக்கள் ஓடிப்போய் உதவினார்கள். அல்ஹம்துலில்லாஹ். ஆனால் நமது கடமை அதோடு முடியவில்லை.

மியன்மாரின் 1982 பிரஜாவுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவர்களாக்கியது. 1951 அகதிகள் சமவாயத்தில் இந்தியாவோ பங்களாதேஷோ இலங்கையோ இணையவில்லை. அதனால் வந்தவர் அகதியா, சட்டவிரோதக் குடியேறியா என்பதை அந்தந்த நேரத்து அரசாங்கமே தீர்மானிக்கிறது.

1990 இல் மன்னாரிலிருந்து விரட்டப்பட்ட நம்மவர்கள் படகேறிக் கற்பிட்டியில் இறங்கினார்கள். எல்லாம் இழந்தாலும் பிரஜாவுரிமை இருந்தது. யுத்தத்தில் இராமேஸ்வரம் போன தமிழ்ச் சகோதரர்களின் பிள்ளைகள் பலருக்கு, தமிழக முகாம்களில் பிறந்தும் இந்தியப் பிரஜாவுரிமை இல்லை. 2019 இல் இந்தியா திருத்திய சட்டம் மூன்று அயல்நாடுகளிலிருந்து வந்த முஸ்லிமல்லாதோருக்கே வழிவிட்டது. இலங்கைத் தமிழர் அதில் இல்லை.

அந்தச் சட்டம் மதம் பார்க்கிறது என்று நாம் கோபப்படுகிறோம். சரிதான். அப்படியென்றால், "வந்தவர்கள் முஸ்லிம்கள், அதனால் உதவுவோம்" என்று மட்டும் நாம் சொல்ல முடியுமா?

யார் வந்தாலும் ஒரே மாதிரி விசாரிக்கும் அகதிச் சட்டமொன்றை நமது பாராளுமன்றப் பிரதிநிதிகளிடம் கேட்போம்.