மஞ்சள் துணியில் ஒரு ரூபாய்... மண்பானையில் ரோமாபுரிப் பொன்!

திருத்தணி மலைக்கு மொத்தம் 365 படிகள். வருடத்துக்கு எத்தனை நாளோ அத்தனை படி. ஆடிக் கிருத்திகை வந்துவிட்டால் புஷ்பக் காவடியும் 'அரோகரா' கோஷமுமாக மலையே அதிரும். டிசம்பர் 31-ம் தேதி இரவு படித் திருவிழாவில் ஒவ்வொரு படிக்கும் மஞ்சள், குங்குமம் வைத்து, சூடம் ஏற்றி, திருப்புகழ் பாடிக்கொண்டே ஏறுவார்கள். சூரனை வென்ற முருகனின் சினம் தணிந்த இடம் என்பதால் தணிகை. அறுபடை வீடுகளில் ஐந்தாவது.

மேலே போனதும் பெரியவர்கள் இடுப்பிலிருந்தோ, கைப்பையின் உள்ளறையிலிருந்தோ ஒரு சிறு முடிச்சை எடுப்பார்கள். மஞ்சள் துணியில் முடிந்துவைத்த ஒரு ரூபாய். பிள்ளைக்குக் காய்ச்சல் வந்த இரவிலோ, பெண்ணுக்கு வரன் தள்ளிப்போன மாதத்திலோ வேண்டிக்கொண்டு சாமி படத்தருகே வைத்த காசு அது. மாதக்கணக்கில் காத்திருந்து இன்று உண்டியலுக்கு வந்திருக்கிறது. பெட்டிக்கடையில் கொடுத்தால் ஒரு மிட்டாய்க்குக்கூடக் காணாது. ஆனால் அதை முடிந்துவைத்த வீட்டுக்கு அதன் கதை தெரியும். உண்டியலில் விழுந்த பிறகு, அது ஆயிரத்தில் ஒரு காசு.

காசுக்கு மதிப்பு உலோகத்திலா, கதையிலா? திருத்தணிக்கு வடக்கே, இன்றைய ஆந்திர மாநிலத்தில், இந்தக் கேள்வியோடு சேர்த்துச் சொல்லவேண்டிய சம்பவம் ஒன்று நடந்திருக்கிறது.

கலப்பையில் இடித்த கோயில்

1960 ஏப்ரல் 1-ம் தேதிதான் திருத்தணி தமிழகத்தோடு சேர்ந்தது. ம.பொ.சி. நடத்திய எல்லைப் போராட்டத்தின் பலன் அது. ஆனால் நாம் பார்க்கப்போகும் காலத்தில் இந்த எல்லைக்கோடே கிடையாது. திருத்தணியிலிருந்து ரயில் நகரி, புத்தூர் வழியாக ரேணிகுண்டா போகும். அங்கிருந்து கூடூர் வழியாகப் போனால் நெல்லூர்.

1786-ம் ஆண்டு வாக்கில் நெல்லூர் அருகே ஒரு குன்றின் சரிவில் ஓர் உழவர் ஏர் ஓட்டிக்கொண்டிருந்தார். கலப்பை எதிலோ இடித்து நின்றது. தோண்டிப் பார்த்தால் செங்கல் கட்டுமானம். அது இடிந்துபோன ஒரு சிறு கோயில். அதன் அடியில் ஒரு சின்னப் பானை. பானைக்குள் தங்கக் காசுகள். அத்தனையும் சுமார் 1,900 ஆண்டுகளுக்கு முந்தைய ரோமாபுரிச் சக்கரவர்த்திகளின் காசுகள்!

உழவருக்கு அது தெரிய வாய்ப்பில்லை. பழைய தங்கம் என்ற விலைக்கு விற்றுவிட்டார். பல காசுகள் உருக்கப்பட்டுவிட்டன. செய்தி கேட்டு ஆற்காடு நவாபின் மகன் அமீர்-உல்-உமரா முப்பதுக்கும் மேற்பட்ட காசுகளை மீட்டார். சென்னை கவர்னராக இருந்த அலெக்சாண்டர் டேவிட்சன் அவற்றைப் பார்த்துவிட்டு எழுதிய கடிதம் அச்சில் வந்ததால்தான் இந்தச் சம்பவமே இன்று நமக்குத் தெரிகிறது. டிராஜன், ஹாட்ரியன் ஆகிய சக்கரவர்த்திகளும் ஃபாஸ்டினா என்ற அரசியும் அந்தக் காசுகளில் இருந்தார்கள். பல காசுகள் நேற்றுதான் அச்சடித்தவைபோலப் புதிதாக இருந்தனவாம். சிலவற்றில் ஓட்டை போட்டிருந்தார்களாம்.

ஓட்டை எதற்கு என்று அந்த வெள்ளைக்காரரே ஊகித்துவிட்டார். நகையாகப் போட்டிருப்பார்கள்! காசுமாலை பார்த்து வளர்ந்த நம் வீட்டுப் பெண்களுக்கு இதைச் சொல்லவே வேண்டாம். ரோமாபுரி அரசி நெல்லூர்ப் பக்கத்தில் யாரோ ஒரு பெண்ணின் கழுத்தில் தொங்கியிருக்கிறாள்.

ஒரு காசு, ஒரு பவுன்

ரோமாபுரித் தங்கம் இங்கே எப்படி வந்தது? மிளகு, முத்து, மெல்லிய துணி, நவமணிகள். இவற்றுக்கு ரோமாபுரியில் அப்படி ஒரு கிராக்கி. முசிறித் துறையில் யவனர் கப்பல்கள் மிளகு ஏற்றியதை அகநானூறு சொல்கிறது. 'இந்தியா வருடந்தோறும் ஐந்து கோடி செஸ்டர்ஸை இழுத்துக்கொள்கிறது' என்று ரோமானிய அறிஞர் பிளினி அலுத்துக்கொண்டார். நூறு செஸ்டர்ஸ் சேர்ந்தால் 'ஆரியஸ்' என்ற ஒரு தங்கக் காசு. அப்படியானால் வருடத்துக்கு ஐந்து லட்சம் தங்கக் காசுகளின் மதிப்பு. ஓர் ஆரியஸின் எடை எட்டு கிராமுக்குக் கொஞ்சம் குறைவு. நம் கணக்கில் கிட்டத்தட்ட ஒரு பவுன்!

தங்கத்தைவிட அதிகமாகக் கிடைத்தவை 'டெனாரியஸ்' என்ற வெள்ளிக் காசுகள். கோவையை அடுத்த வெள்ளலூரில் 1842-ல் ஐந்நூறுக்கும் மேல் கிடைத்தன. பெரும்பாலானவை அகஸ்டஸ், டைபீரியஸ் காலத்தவை. 'சீசருக்கு உரியதைச் சீசருக்குக் கொடுங்கள்' என்று இயேசுநாதர் ஒரு காசைக் காட்டிச் சொன்னதாக பைபிளில் வருகிறதே, அது டைபீரியஸின் வெள்ளிக் காசாகத்தான் இருக்கும் என்பது நாணய ஆய்வாளர்கள் பலரின் கருத்து. அதே காசு கொங்கு நாட்டு மண்ணில் பானை பானையாகக் கிடைத்திருக்கிறது.

1898-ல் புதுக்கோட்டை சமஸ்தானத்துக் கருக்காக்குறிச்சியில் 501 தங்கக் காசுகள் கிடைத்தன. பெரும்பாலானவற்றில் சக்கரவர்த்தியின் முகத்தின் மேல் உளியால் ஒரு வெட்டு! இனி இது செல்லாது, வெறும் தங்கம்தான் என்று காட்டவே வெட்டினார்கள் என்கிறார்கள் ஆய்வாளர்கள். அந்தப் புதையலின் காசுகள் லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்துக்குப் போய்ச் சேர்ந்தன. ஆனாலும் எங்கே கிடைத்தது, எத்தனை கிடைத்தது என்ற விவரம் பதிவானது. அதனால்தான் அந்த வெட்டைப் பற்றி இன்றும் பேச முடிகிறது. நெல்லூரில் உருகிப்போன காசுகளைப் பற்றிப் பேச எதுவுமே மிச்சமில்லை.

ஆற்று மணலில் கிரேக்கம்

நாணயச் சேகரிப்பு என்றதும் தமிழகத்தில் முதலில் நினைவுக்கு வரும் பெயர், 'தினமலர்' ஆசிரியராக இருந்த இரா.கிருஷ்ணமூர்த்தி. கரூரில் அமராவதி ஆற்று மணலைச் சலித்து, கிடைக்கும் உலோகத் துணுக்குகளை விற்றுப் பிழைப்பவர்கள் இருந்தார்கள். அந்த மணலில் வந்த தேய்ந்த செப்புக் காசுகளை வாங்கி, பொறுமையாக அழுக்கு நீக்கி, எழுத்துக்களைப் படித்தவர் அவர். ரோமானியச் செப்புக் காசுகள் பற்றி 1994-ல் ஒரு நூல் எழுதினார். கரூரில் கிடைத்த பிற அயல்நாட்டுக் காசுகள் பற்றி 2000-ல் இன்னொன்று. கிரேக்கத் தீவுகளான ரோட்ஸ், கிரீட் காசுகள்கூட அதில் உண்டு.

'பெருவழுதி' என்று தமிழி எழுத்தில் பெயர் பொறித்த பாண்டியன் காசை வெளிக்கொண்டு வந்தவரும் அவரே. சங்க காலத் தமிழ் மன்னர்கள் சொந்தமாகக் காசு அடித்தார்களா என்ற சந்தேகத்துக்கு அந்தச் சின்னஞ்சிறு செம்பு பதில் சொன்னது. 'மாக்கோதை' என்ற சேரன் காசில் இருக்கும் தலை உருவம், ரோமானியக் காசைப் பார்த்துச் செய்ததுபோலவே இருக்கிறது.

ஆனால் ஆற்று மணலில் கிடைத்த காசுக்கு ஒரு குறை உண்டு. எந்த இடம், எவ்வளவு ஆழம், பக்கத்தில் என்ன இருந்தது என்று கேட்டால் காசால் பதில் சொல்ல முடியாது.

இதற்கு நேர்மாறான இடம் திருத்தணிக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. திருவள்ளூர் போகும் சாலையில் பட்டரைபெரும்புதூர். தமிழகத் தொல்லியல் துறை அங்கே அகழாய்வு செய்தது. கற்காலக் கருவிகள், சுடுமண் உறைகிணறு, தமிழி எழுத்துள்ள பானை ஓடுகள் எல்லாம் வெளிப்பட்டன. காசு விலைக்குப் போகாத உடைந்த ஓடுதான். ஆனால் எந்தக் குழியில், எந்த மண் அடுக்கில் கிடைத்தது என்று எழுதிவைத்திருப்பதால் அது சரித்திரம் பேசுகிறது.

உங்கள் வீட்டில் இருந்தால்?

தாத்தாவின் டிரங்குப் பெட்டியிலோ, வீடு கட்ட வானம் தோண்டும்போதோ பழைய காசு கிடைத்தால் முதலில் செய்யக்கூடாதது, புளி போட்டுத் தேய்ப்பது! எலுமிச்சை, சாம்பல், பித்தளை பாலிஷ் எதுவும் வேண்டாம். செம்பின் மேல் படிந்த பச்சைப் படலம் போகும்போது எழுத்தும் சேர்ந்து போய்விடும். காசை ஓரத்தில் பிடித்து இரண்டு பக்கமும் போட்டோ எடுங்கள். எடையைக் குறித்துவையுங்கள். யார் கொடுத்தது, எங்கே கிடைத்தது என்று ஒரு தாளில் எழுதி, காசோடு வையுங்கள்.

மண்ணுக்குள் கிடைத்தது என்றால் சட்டம் இருக்கிறது. 1878-ம் ஆண்டின் புதையல் சட்டப்படி, பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையலைக் கலெக்டருக்குத் தெரிவிக்கவேண்டும். மறைத்தால் தண்டனை. 'அரசாங்கம் பிடுங்கிக்கொள்ளும்' என்ற பயத்தில்தான் பலர் உருக்கிவிடுகிறார்கள். உண்மையில் அரசு எடுத்துக்கொண்டால், அந்த உலோகத்தின் மதிப்போடு ஐந்தில் ஒரு பங்கு சேர்த்துத் தரவேண்டும் என்கிறது அதே சட்டம். நூறு வருடத்துக்கு மேற்பட்ட காசைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்புவதை 1972-ம் ஆண்டின் தொல்பொருள் சட்டம் தடுக்கிறது.

ஏமாறவும் வேண்டாம். ராமர் பட்டாபிஷேகம் பொறித்து, '1818, கிழக்கிந்தியக் கம்பெனி' என்று போட்ட செப்புக் காசுகளை லட்ச ரூபாய் பெறும் என்பார்கள். கம்பெனி அப்படி ஒரு காசை வெளியிடவே இல்லை. 'அரிசியை இழுக்கும் காசு' என்பது சுத்த மோசடி. ரோமானியக் காசிலும் போலி உண்டு. விளிம்பைச் சுற்றி வார்ப்புக் கோடு தெரிந்தால் உஷார்.

மலையிறங்கி மியூசியத்துக்கு

உண்மையான காசு எப்படி இருக்கும் என்று பார்க்க ஆசையா? காலையில் சாமி தரிசனம் முடித்துவிட்டு, திருத்தணியில் மின்சார ரயில் ஏறினால் அரக்கோணம், திருவள்ளூர் வழியாகச் சென்னை சென்ட்ரல். அங்கிருந்து எழும்பூர் கூப்பிடு தூரம். 1851-ல் தொடங்கிய அரசு அருங்காட்சியகத்தின் நாணயத் தொகுப்பில் ரோமானியக் காசுகளுக்குப் பெரிய இடம் உண்டு. வெள்ளிக்கிழமை விடுமுறை என்பதை மட்டும் மறந்துவிட வேண்டாம்.

அப்படிக் கிளம்புவதற்கு முன், மலை மேல் உண்டியல் அருகே இன்னொரு காட்சியையும் பார்க்கலாம். மஞ்சள் துணியை அவிழ்க்கும் பாட்டியிடம், "இது எதுக்கு முடிஞ்சு வெச்ச காசு பாட்டி?" என்று பேரக்குழந்தைகள் கேட்பதுண்டு. பாட்டியும் சொல்வார். அதன் பிறகுதான் காசு உண்டியலுக்குள் விழும். நெல்லூர்ப் பானையைப் புதைத்தவரிடம் அந்தக் கேள்வியை யாராவது கேட்டு எழுதிவைத்திருந்தால்!