சுவரில் முளைத்த எழுத்து

அமெரிக்க எழுத்தாளர் ஜெஃப் வாண்டர்மீர் 2014இல் வெளியிட்ட ‘அனிஹிலேஷன்’ ஓர் அறிவியல் புதினம். பேய் பிசாசு ஏதுமின்றியே படிப்போரை நடுங்கவைப்பது. முப்பது ஆண்டுகளாக மனிதர் வாழாத கடலோரக் காட்டினுள் நான்கு பெண்கள் ஆய்வுக்குச் செல்கின்றனர். அங்கே பூமிக்குள் இறங்கும் படிக்கட்டின் சுவரில், உயிருள்ள பூஞ்சையாலான சொற்றொடர்கள் முளைத்திருக்கின்றன. நெருங்கிப் படிக்கும் உயிரியல் அறிஞரின் மூச்சில் அவற்றின் நுண்வித்துகள் புகுகின்றன. அதுமுதல் அவர் மாறத் தொடங்குகிறார்.

அரபியில் ‘ஆயத்’ என்னும் சொல் வேதவசனத்தையும் குறிக்கும். இயற்கையின் அத்தாட்சியையும் குறிக்கும். அத்தாட்சியைப் படித்தவன் பழையவனாகத் திரும்புதல் இயலாது என்பதே இக்குறியீட்டின் உட்பொருளாக எனக்குப் படுகிறது.

அக்காட்டின் எல்லையோ ஆண்டுதோறும் முன்னேறுகிறது. எங்கள் திருத்தணி 1960இல் ஆந்திரத்திலிருந்து சென்னை மாநிலத்திற்கு வந்தது. மனிதர் வரைந்த கோடு நகர்ந்தது. மலை இருந்த இடத்திலேயே இருந்தது. புதினத்திலோ கோட்டை வரைவது காடு; ஒதுங்க வேண்டியவர் நாம். அக்கோடு நம் வாயிலைத் தொடுமுன் சுவரிலுள்ள எழுத்தைப் படித்துக்கொள்வதே அறிவுடைமை.